கடைமடை ரத்தம்

திருக்கடையூருக்கு ஒரு தனி ராசி உண்டு. மற்ற க்ஷேத்திரங்களுக்கு ஜனங்கள் பிள்ளை வரம் வேண்டும் என்றும், பெண்ணுக்குக் கல்யாணம் கூட வேண்டும் என்றும், கோர்ட்டில் வழக்கு ஜெயிக்க வேண்டும் என்றும் போவார்கள். இந்த ஊருக்கு வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இன்னும் கொஞ்ச நாள். மார்க்கண்டேயனைப் பிடிக்க வந்த எமனைச் சுவாமி காலால் உதைத்து வீழ்த்திய ஸ்தலம் அல்லவா? ஆகையால் அறுபது நிறைந்தவர் மணிவிழாவுக்கும், எழுபது நிறைந்தவர் பீமரத சாந்திக்கும், எண்பதைக் கண்டவர் சதாபிஷேகத்துக்குமாக, மனைவி மக்கள் பேரன் பேத்திகள் சகிதம் இங்கே வந்து சேருகிறார்கள். தாத்தா பாட்டியின் கழுத்தில் மறுபடியும் தாலி கட்டுவதைப் பார்த்துப் பேரப்பிள்ளைகள் கைகொட்டிச் சிரிக்கிற ஊர் இது.

மாலையும் கழுத்துமாக நிற்கும் அந்தத் தாத்தாவின் மேலே சட்டை இராது. சட்டை மருமகப்பிள்ளையின் கையிலோ, மூத்த பெண்ணின் பையிலோ இருக்கும். அந்தச் சட்டைப் பையைச் சோதித்துப் பார்த்தால் பத்துக்கு ஐந்து பழுதில்லாமல் ஒரு மாத்திரை அட்டை கிடைக்கும். 'ஆஸ்பிரின், 75 மில்லிகிராம்' என்று இருக்கலாம், 'குளோபிடோக்ரெல், 75 மில்லிகிராம்' என்று இருக்கலாம், இரண்டும் இருக்கலாம். "ரத்தத்தைத் தண்ணீராக வைக்கிற மாத்திரை, டாக்டர் விடவே கூடாது என்று சொல்லியிருக்கிறார்" என்பார் பெரியவர். எமனைத் தூரத்தில் நிறுத்திவைக்க, அபிராமியின் சந்நிதியை நம்புவது போலவே இந்த அட்டையையும் அவர் நம்புகிறார்.

இதே குளோபிடோக்ரெல் மாத்திரையை நாலாக உடைத்து, அதில் ஒரு துண்டை மட்டும், தினம் ஒரு வேளை பூனைக்குக் கொடுக்கிறார்கள் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். பூனைக்கு என்ன அறுபதாம் கல்யாணமா என்று கேட்பீர்கள். ஆனால் இந்த மாத்திரையின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் அதன் முதல் ஏடுகளில் மனிதனைக் காணோம். எலி இருக்கிறது, சீமைப் பெருச்சாளி இருக்கிறது, நாய் இருக்கிறது, கோழி இருக்கிறது, பாம்பும் இருக்கிறது. அவற்றிடம் வாங்கிய கடனைத்தான் நாம் தினம் காலையில் ஒரு வாய்த் தண்ணீருடன் விழுங்கிக்கொண்டிருக்கிறோம். அந்தக் கடன் திரும்பச் செலுத்தப்பட்டதா என்பதே விஷயம்.

*

டெங்குக் காய்ச்சலால் விளைந்த ஒரே நன்மை, 'பிளேட்லெட்' என்ற வார்த்தை நம்முடைய திண்ணைவரை வந்து உட்கார்ந்துகொண்டதுதான். "நேற்று எண்பதாயிரம் இருந்ததாம், இன்று நாற்பதாயிரமாம்" என்று பங்கு மார்க்கெட் நிலவரம் போல இப்போது கிராமத்தில்கூடப் பேசுகிறார்கள். தமிழில் தட்டணு என்பது அதன் பெயர். ஒரு கன மில்லிமீட்டர் மனித ரத்தத்தில், அதாவது குண்டூசித் தலையளவு ரத்தத்தில், ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம்வரை தட்டணுக்கள் இருக்கின்றன. சிவப்பணுவைவிடச் சிறியவை, ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவுதான். பிறந்து எட்டுப் பத்து நாளில் ஆயுசு முடிந்துவிடும். இந்த அற்பாயுசுக்காரர்களுக்கு ரத்தத்தில் என்ன உத்தியோகம்?

காவேரிக்கரை மனிதர்களுக்கு அதை விளக்குவது சுலபம். ஐப்பசி அடைமழையில் ஆறு கரை புரள ஓடுகிறது. நடுநிசியில் ஓரிடத்தில் உடைப்பு எடுத்துக்கொள்கிறது. முதலில் என்ன நடக்கும்? பக்கத்தில் இருப்பவன் குதித்து, தன் உடம்பையே உடைப்பில் அண்டைக் கொடுத்து நிற்பான். நின்றுகொண்டே, "உடைப்பு! உடைப்பு!" என்று கூவுவான். கூவலைக் கேட்டு ஊரே ஓடிவரும். வந்தவர்கள் கையோடு கை கோத்துச் சுவராக நிற்பார்கள். அதற்குப் பிறகுதான் மூங்கிலும் வைக்கோற்பிரியும் மண்மூட்டையும் வந்து, அடைப்பு நிரந்தரமாகும்.

ரத்தக்குழாயில் காயம் பட்டால் நடப்பது இதுவேதான். குழாயின் உட்சுவர் கிழிந்ததும் அதற்கடியில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்பொருள் வெளியே தெரிகிறது. அங்கே முதலில் போய் ஒட்டிக்கொள்பவை தட்டணுக்கள். ஒட்டியவுடனே அவை இரண்டு விதமாகக் கூவுகின்றன. ஏ.டி.பி. என்ற பொருளை வெளியே கொட்டுவது ஒரு கூவல். திராம்பாக்ஸேன் என்ற பொருளைத் தயார் செய்து அனுப்புவது இன்னொரு கூவல். அவற்றைக் கேட்டு மற்றத் தட்டணுக்கள் ஓடிவந்து, கைகளை நீட்டி, ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. கடைசியில் பைப்ரின் என்ற நூல்வலை மேலே படர்ந்து அடைப்பைக் கெட்டிப்படுத்துகிறது. வெற்றிலை நறுக்கும்போது விரலை நறுக்கிக்கொண்ட பாட்டிக்கு ஐந்து நிமிஷத்தில் ரத்தம் நிற்பது இவ்வளவு பெரிய அமளிக்குப் பிறகுதான்.

சரி, உடைப்பே இல்லாத இடத்தில் இந்தக் கூட்டம் கூடிவிட்டால்? கரையை அடைக்க வந்தவர்கள் வாய்க்காலையே அடைத்துவிட்டால்? தலைமடைக்காரனுக்கு ஒன்றும் நேராது. கடைமடைப் பயிர் காய்ந்து போகும். திருக்கடையூர்ப் பக்கத்து விவசாயிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. காவேரியின் கடைமடை அவர்களுடையது. உடம்புக்கும் கடைமடைகள் உண்டு. இருதயத்தின் தசைக்குப் போகும் வாய்க்கால் அடைபட்டால் மாரடைப்பு. மூளைக்குப் போவது அடைபட்டால் பக்கவாதம். ரத்தம் காயத்தில் நிற்கவும் வேண்டும், குழாயில் ஓடவும் வேண்டும். இரண்டில் எது தவறினாலும் எருமை வாகனத்தின் மணிச்சத்தம் கேட்கும்.

*

இந்த உண்மையின் ஒரு பாதியை வெகு காலத்துக்கு முன்பே நம் ஜனங்களுக்குக் கற்றுக்கொடுத்தது பாம்பு. நெல் வயலின் வரப்பில் கண்ணாடி விரியன் கிடக்கும். அது தீண்டிய மனிதனுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் ரத்தம் கட்டாமல் போய்விடும். பல் ஈறிலிருந்தும் பழைய புண்ணிலிருந்தும் கசிந்துகொண்டே இருக்கும்.

திருக்கடையூரிலிருந்து கடற்கரை ஓரமாகத் தெற்கே சில மைல் போனால் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டி ஆண்ட ஊர். 1768-இல் அங்கே மிஷனுக்கு வைத்தியராக வந்தவர் கோனிக். லின்னேயஸிடம் பாடம் கேட்டவர். பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இயற்கை நூல் ஆராய்ச்சியாளரானார். அவர் 1785-இல் காலமானதும் அந்த உத்தியோகம் பாட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து டாக்டருக்குக் கிடைத்தது. கம்பெனிச் சிப்பாய்களும் குடிகளும் பாம்பு கடித்துச் சாவதைக் கண்ட ரஸ்ஸல், எது விஷப்பாம்பு, எது சாதுப்பாம்பு என்று பிரித்தறிவதிலேயே தன் பொழுதைச் செலவிட்டார். நாய்களையும் கோழிகளையும் பாம்பு கடிக்கும்படி செய்து, எத்தனை நிமிஷத்தில் என்ன ஆயிற்று என்று எழுதிவைத்தார். சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வர்ணப் படங்களுடன் 1796-இல் லண்டனில் அச்சாயிற்று. கண்ணாடி விரியனுக்கு இன்றைக்கும் ஆங்கிலத்தில் 'ரஸ்ஸலின் விரியன்' என்றுதான் பெயர்.

அவர் சோதித்துப் பார்த்த மருந்துகளில் ஒன்று நம் ஜில்லாவின் பெயரைத் தாங்கியது: 'தஞ்சாவூர் மாத்திரை'. அந்தக் காலத்து வெள்ளைக்காரர்களிடையே இதற்குப் பெரிய கியாதி. பாஷாணம், பாதரசம், மிளகு, இன்னும் சில வேர்களும் விதைகளும் சேர்ந்த உருண்டை. பாஷாணம் பாம்பின் விஷத்தை முறிக்காது என்பது இன்று நமக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மாத்திரையைக் கொடுத்து ரத்தத்தின் போக்கை மாற்றிவிடலாம் என்ற எண்ணம் தஞ்சாவூர்ச் சீமைக்குப் புதிதல்ல என்பதற்கு அது அத்தாட்சி.

ரஸ்ஸலின் நாய்களுக்கும் கோழிகளுக்கும் நடுவே ஒரு வித்தியாசம் இருந்தது. அது அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தட்டணு என்பது பாலூட்டிகளுக்கு மட்டுமே உரிய சொத்து. கோழிக்கும் பாம்புக்கும் மீனுக்கும் அது கிடையாது. அவற்றின் ரத்தத்தில் உட்கருவுடன் கூடிய முழு உயிரணு ஒன்று அந்த வேலையைச் செய்கிறது. நம்முடைய தட்டணுவுக்கோ உட்கரு இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் விஷயம் வரும்போது அது உதவும்.

*

தட்டணுவை முதன்முதலில் ஒழுங்காகப் பார்த்தவர்களில் ஒருவர் வில்லியம் ஆஸ்லர். பிற்காலத்தில் ஆங்கிலம் பேசும் உலகத்துக்கே வைத்திய குரு என்று பெயரெடுத்தவர். 1873-இல் லண்டனில் இளைஞராக இருந்தபோது பூதக்கண்ணாடியில் ரத்தத்தை வைத்துப் பார்த்தார். எடுத்த ரத்தத்தில் அந்தத் துணுக்குகள் கொத்துக் கொத்தாகத் தெரிந்தன. உயிருள்ள எலிக்குட்டியின் ரத்தக்குழாயிலோ தனித்தனியாக மிதந்தன. அவை என்னவென்று அவருக்கு நிச்சயப்படவில்லை. 'சில ஜீவிகள்' என்றே தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டார். பிறகு கனடாவுக்குத் திரும்பி, மான்ட்ரீலில் மனித வைத்தியம் கற்பித்ததோடு மிருக வைத்தியக் கல்லூரியிலும் பாடம் சொன்னார். பசுவுக்கு வருகிற நோயும் பாதிரியாருக்கு வருகிற நோயும் ஒரே சாஸ்திரத்தின் இரண்டு அத்தியாயங்கள் என்று நினைத்தவர் அவர்.

விஷயத்தை முடித்துவைத்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து பிஸ்ஸோஸெரோ. 1881, 1882 வருஷங்களில் சீமைப் பெருச்சாளியின் குடலை ஒட்டிய மெல்லிய சவ்வைப் பரப்பிவைத்து, அதிலுள்ள குழாயில் ரத்தம் ஓடுவதை உயிரோட்டமாகவே பார்த்தார். குழாயின் சுவரில் லேசாகக் காயப்படுத்தினார். அந்த இடத்தில் சின்னத் தட்டுகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டி, குவிந்து, அடைத்துக்கொள்வதைக் கண்டார். 'சின்னத் தட்டு' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். எலும்பு மஜ்ஜையிலுள்ள ராட்சச உயிரணுக்களிலிருந்து பிய்ந்து வரும் துண்டுகளே இவை என்று 1906-இல் பாஸ்டனில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் காட்டினார். உட்கரு இல்லாததன் காரணம் அதுதான். துண்டுக்கு ஏது உட்கரு?

இதே சமயத்தில் மாடுகளும் தங்கள் பங்குக்கு ஒரு பாடம் சொல்லிவைத்தன. 1920-களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் பூஞ்சை பிடித்த இனிப்புக் குளோவர் என்ற தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. உம்பளச்சேரி எருதுக்கு நம்மவர்கள் கொம்பை நீக்குகிறார்களே, அதுபோல அங்கே கொம்பு நீக்கிய மாடுகள் அந்தக் காயத்திலேயே ரத்தம் கொட்டி மாண்டன. கார்ல் லிங்க் என்பவரின் விஸ்கான்ஸின் ஆராய்ச்சிசாலை அந்தத் தீவனத்திலிருந்த நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வார்ஃபரின் 1948-இல் எலிப்பாஷாணமாகக் கடைக்கு வந்தது. சில வருஷங்களில் மனிதனுக்கு மருந்தாகவும் ஆயிற்று. இது தட்டணுவைத் தொடுவதில்லை. மூங்கிலும் மண்மூட்டையும் வருகிற கடைசிக் கட்டத்தைத் தடுக்கிறது. குலம் வேறு. கடன் மட்டும் மாட்டுக்குத்தான்.

*

ஆட்களே கூடாதபடி செய்வதற்கு மூன்று வழிகள் உண்டு. கூவுகிறவன் வாயைக் கட்டலாம். கேட்கிறவன் காதை அடைக்கலாம். ஓடிவந்தவர்கள் கை கோக்க முடியாமல் கையைக் கட்டிவிடலாம். மனிதன் மூன்றையும் கண்டுபிடித்தான்.

வாயைக் கட்டுவது ஆஸ்பிரின். 1897-இல் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் தயாராகி, அரை நூற்றாண்டு தலைவலிக்கும் காய்ச்சலுக்குமே செலவாகிக்கொண்டிருந்தது. கலிபோர்னியாவில் லாரன்ஸ் கிரேவன் என்ற சாதாரணக் குடும்ப டாக்டர் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தொண்டைச் சதை அறுவைக்குப் பின் வலி தெரியாமல் இருக்க ஆஸ்பிரின் கலந்த மிட்டாயை மென்ற நோயாளிகளுக்கு ரத்தம் அதிகமாகக் கசிந்தது. ரத்தம் கட்டுவதை இது தடுக்குமானால், மாரடைப்பையும் தடுக்குமே! 1950-இல் அதை எழுதினார். 1956-க்குள் எண்ணாயிரம் பேருக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்ததாகச் சொன்னார். எழுதிய பத்திரிகைகள் சின்னவை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து சாப்பிடாத கூட்டம் ஒன்றையும் அவர் வைத்திருக்கவில்லை. பெரிய டாக்டர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 1957-இல் அவரே மாரடைப்பில் இறந்துபோனார். ஊராருக்கு வழி சொன்னவரை எமன் அந்த வழியிலேயே வந்து அழைத்துக்கொண்டான்.

காரணம் தெரிந்தது 1971-இல். பிராஸ்டகிளாண்டின் என்ற பொருள்கள் உடம்பில் உற்பத்தியாவதை ஆஸ்பிரின் நிறுத்துகிறது என்று இங்கிலாந்தில் ஜான் வேன் காட்டினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. திராம்பாக்ஸேனும் அந்த வம்சத்தைச் சேர்ந்ததே. அதைத் தயாரிக்கும் என்சைமை ஆஸ்பிரின் ஒரேயடியாகப் பூட்டிவிடுகிறது. மற்ற உயிரணுவாக இருந்தால் உட்கருவின் உதவியால் புதிய என்சைம் செய்துகொள்ளும். உட்கரு இல்லாத தட்டணு என்ன செய்யும்? ஆயுள் முழுவதும் வாய் கட்டியபடியே சுற்றிவர வேண்டியதுதான். தினம் ஒரு சின்ன மாத்திரை போதும் என்பதன் ரகசியம் இதுவே.

காதை அடைக்கும் மருந்துக்கு வழிகாட்டியவர் கஸ்டவ் பார்ன். இவருடைய தகப்பனார் பெரிய பௌதிக விஞ்ஞானி மாக்ஸ் பார்ன். ஹிட்லரின் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். திருவானைக்காவலில் பிறந்த நம் சி. வி. ராமன் அவரைப் பெங்களூருக்கு அழைத்து 1935-36-இல் சில மாதங்கள் விஞ்ஞானக் கழகத்தில் தங்கவைத்திருந்தார். பிள்ளை மருந்தியல் படித்தார். ஆனால் தகப்பனார் வீட்டு வாசனை போகவில்லை. தட்டணுக்கள் நிறைந்த ரத்தநீர் கலங்கலாக இருக்கும். தட்டணுக்கள் ஒன்றுகூடிக் கட்டியானால் தெளிந்து வெளிச்சம் ஊடுருவும். அந்த வெளிச்சத்தை அளந்தால் கூட்டம் கூடும் வேகம் தெரியுமல்லவா? 1962-இல் அவர் வெளியிட்ட இந்த எளிய முறையால், ஏ.டி.பி. என்ற கூவலின் சக்தியை அளக்க முடிந்தது. அந்தக் கூவலைக் கேட்கும் தட்டணுவின் காதை அடைப்பதே குளோபிடோக்ரெல். 1997-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது.

கையைக் கட்டும் மருந்து எங்கிருந்து வந்தது தெரியுமா? பாம்பிடமிருந்து. நம் நாட்டுக் கட்டாந்தரைகளில் மணலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறதே சுருட்டை விரியன், அந்த இனத்தின் விஷத்தில் தட்டணுக்களைக் கை கோக்கவிடாத ஒரு புரதம் இருக்கிறது. அதைப் பார்த்துப் போல் செய்த டைரோபைபன் என்ற மருந்து 1998 முதல் ஆஸ்பத்திரிகளில் மாரடைப்புக்காரர்களுக்கு ஏற்றப்படுகிறது. ரஸ்ஸலின் விரியனும் சும்மா இருக்கவில்லை. அதன் விஷம் ரத்தத்திலுள்ள உறைபொருள்களை அவசரமாகத் தூண்டிச் செலவழித்துத் தீர்த்துவிடுவதால்தான் கடிபட்டவனுக்கு ரத்தம் கட்டுவதில்லை. அதையே துளியளவு நீரில் கரைத்துக் காயத்தின் மேல் தடவினால் ரத்தம் உடனே கட்டுகிறது என்று 1934-இல் மக்ஃபார்லேன், பார்னெட் என்ற இருவர் லண்டனில் காட்டினார்கள். நில்லாமல் ரத்தம் ஒழுகும் ஹீமோபிலியா நோயாளிகளுக்கு அது உதவிற்று. கொல்ல வந்தவனையே காவலுக்கு வைத்த கதை.

*

இப்போது கடனுக்கு வருவோம். இவ்வளவு மிருகங்களின் தயவால் மனிதன் மருந்து கண்டான். மிருகத்துக்கு என்ன கிடைத்தது?

பூனைக்கு ஒரு இருதய நோய் வரும். இருதயத்தின் தசை தடித்து, இடது மேலறை வீங்கி, அங்கே ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் கட்டியாகி ஒருநாள் கிளம்பிப் பெரிய நாடி வழியே கீழே போய், பின்னங்கால்களுக்குக் கிளை பிரியும் இடத்தில் சேணம் போலக் குறுக்கே உட்கார்ந்துகொள்ளும். முதல் நாள் ராத்திரி மதில்மேல் நடந்த பூனை, காலையில் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு அலறும். கால் ஜில்லிட்டிருக்கும், பாதத்தின் சதை நீலம் பாரித்திருக்கும். பாம்பு கடித்ததோ, யாராவது அடித்தார்களோ என்று வீட்டார் நினைப்பார்கள். கடைமடைக்குத் தண்ணீர் நின்றுபோனதுதான் காரணம். பல பூனைகள் அதிலேயே முடிந்துவிடும். பிழைத்தவற்றுக்கும் மறுபடி வரும்.

மறுபடி வராமல் இருக்க வைத்தியர்கள் வெகு காலம் ஆஸ்பிரின் கொடுத்து வந்தார்கள். அதிலும் ஒரு கண்டம். ஆஸ்பிரினைச் செரித்து வெளியேற்றும் ஒரு வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். நாயின் உடம்பில் மருந்து பாதியாகக் குறைய எட்டு மணி நேரம் ஆகுமென்றால், பூனைக்கு ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். தினம் கொடுத்தால் மருந்து சேர்ந்து சேர்ந்து நஞ்சாகிவிடும். ஆகவே மூன்று நாளுக்கு ஒரு தரம் கொடுப்பது வழக்கமாயிற்று. இதனால் உண்மையிலேயே பயன் உண்டா? மனிதர்களைப் பற்றி இந்தக் கேள்விக்கு ஆயிரக்கணக்கானவர்களை வைத்துப் பதில் தேடியாகிவிட்டது. பூனையைப் பற்றி அந்த முறையில் யாரும் கேட்டிருக்கவில்லை.

கேட்டவர்கள் அமெரிக்காவில் டேனியல் ஹோகன் என்ற மிருக வைத்தியரும் அவருடைய கூட்டாளிகளும். ஒரு தரம் இந்த நோய் கண்டு பிழைத்த 75 பூனைகளைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று நாளுக்கு ஒரு தரம் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின். இன்னொரு பிரிவுக்குத் தினம் 18.75 மில்லிகிராம் குளோபிடோக்ரெல், அதாவது நம் தாத்தாவின் மாத்திரையில் கால் பங்கு. எந்தப் பூனைக்கு எது என்று வைத்தியருக்கும் தெரியாது, வளர்ப்பவருக்கும் தெரியாது. 2015-இல் முடிவு வெளியாயிற்று. ஆஸ்பிரின் தின்ற பூனைகளுக்கு நோய் திரும்பி வர ஆன காலம், நடுத்தரமாகக் கணக்கிட்டால், 192 நாள். குளோபிடோக்ரெல் தின்றவற்றுக்கு 443 நாள். அந்த மாத்திரை மகா கசப்பு. வாயில் பட்டால் பூனை நுரை நுரையாகத் துப்பும். ஆனாலும் பூனை வைத்தியத்தில் அன்று முதல் அதற்கே முதல் தாம்பூலம்.

நாயின் கதை வேறு. இருதயப் புழு நோயில் நுரையீரலின் குழாய்கள் அடைபடுவதைப் பார்த்து ஒரு காலத்தில் ஆஸ்பிரின் கொடுத்தார்கள், பயன் நிரூபணமாகவில்லை, இப்போது அதற்காகக் கொடுப்பதில்லை. உடம்பு தன் சிவப்பணுக்களைத் தானே அழித்துக்கொள்ளும் ஒரு சோகை நாய்களுக்கு வரும். அதில் கண்ட இடத்தில் ரத்தம் கட்டிப்போகும். அங்கே குளோபிடோக்ரெல் கைகொடுக்கிறது.

நம் தெருநாய்களையும் வீட்டு நாய்களையும் அதிகம் வாட்டுவது இதற்கு நேர் எதிரான வியாதி. உண்ணி கடித்து, எர்லிக்கியா என்ற கிருமி புகுந்து, தட்டணுக்கள் அதலபாதாளத்துக்குப் போய்விடும். மூக்கில் ரத்தம் வடியும், வயிற்றில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். 1935-இல் அல்ஜீரியாவில் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இதை முதலில் கண்டார்கள். தென்னிந்திய நாய்களிடம் இது உண்டு என்று 1944-இலேயே 'இந்தியன் வெடரினரி ஜர்னல்' பத்திரிகையில் முதலியார் என்ற ஆராய்ச்சியாளர் எழுதினார். உலகம் அப்போது கவனிக்கவில்லை. வியட்நாம் யுத்தத்தில் அமெரிக்கப் படையின் உயர் ஜாதி நாய்கள் மூக்கில் ரத்தம் ஒழுகிச் சாகத் தொடங்கிய பிறகுதான் கவனித்தது. இன்று டாக்ஸிசைக்ளின் என்ற மருந்தால் பெரும்பாலும் குணமாகிறது.

இந்த நாய்க்கு, "தாத்தாவுக்குக் கொடுக்கிற மாத்திரைதானே, ஜுரத்துக்கு நல்லதுதானே" என்று யாராவது ஓர் ஆஸ்பிரினைச் சோற்றில் பிசைந்து வைத்தால் என்ன ஆகும்? இருக்கிற நாலு தட்டணுவின் வாயும் கட்டப்பட்டுவிடும். விரியன் தீண்டிய மாட்டுக்கும் அதே கதிதான். அதற்கு வேண்டியது விஷமுறிவு மருந்து. 1978-இல் தொடங்கி வடநெம்மேலியில் நடந்துவரும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் விஷத்தைக் குதிரைக்குத் துளித் துளியாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து செய்கிற மருந்து. அங்கேயும் கடன் கொடுப்பது ஒரு மிருகம்தான். காய்ச்சலுக்கு நாம் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால் பூனைக்குச் சிறிதளவே யமனாகிவிடும். அன்பினால் கொடுத்தாலும் அப்படித்தான்.

மிருகத்துக்கென்று ஒரு சாஸ்திரம் வேண்டும் என்பது தஞ்சாவூருக்குப் புதிய யோசனை இல்லை. குதிரைக்கும் யானைக்கும் வைத்தியம் சொல்லும் சுவடிகள் சரஸ்வதி மகாலில் சித்திரங்களுடன் இருக்கின்றன. 1903-இல் சென்னை வேப்பேரியில் மிருக வைத்தியக் கல்லூரி ஏற்பட்டது. 2012-இல் தஞ்சை ஜில்லாவுக்கே ஒரத்தநாட்டில் ஒரு கல்லூரி வந்துவிட்டது. மனிதனுக்கென்று செய்த மாத்திரையை எந்த மிருகத்துக்கு, எந்த நோயில், எத்தனை பங்காக உடைப்பது என்று சொல்லக்கூடியவர்கள் அங்கேதான் தயாராகிறார்கள்.

மணிவிழாவுக்கு வரும் பெரியவர்கள் காலசம்ஹார மூர்த்தியின் சந்நிதியில் கேட்பது பதினாறு வயசு அல்ல. இன்னும் கொஞ்ச நாள்தான். அந்தக் கொஞ்ச நாளில் ஒரு பங்கு எலிக்குட்டியும் சீமைப் பெருச்சாளியும் ரஸ்ஸலின் நாயும் கொடுத்தது. அவற்றின் கூட்டத்தில் ஒன்றுக்கு நாம் திருப்பிக் கொடுத்தது, இப்போதைக்கு, 192-க்கும் 443-க்கும் உள்ள வித்தியாசம்: 251 நாள். கடன் முழுவதும் அடைந்துவிடவில்லை. ஆனால் வட்டி கட்டத் தொடங்கியிருக்கிறோம்.